மலைச்சரிவில் ஒரு சமதளம்

என் பேன்ட்டின் கீழோரத்தில் கறுப்பாகச் சேறு காய்ந்திருக்கிறது. மூன்று நாளாகிறது. மழைக்கு முகாம் போட்டிருக்கும் இந்தச் சர்ச்சுக் கூடத்தின் குழாயடியில் இரண்டு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். கறை கொஞ்சம் மங்கியது, வாசம் போகவில்லை. அழுகிய முட்டையும் மக்கிய இலையும் சேர்ந்தால் வருமே, அந்த வாசம். பக்கத்துப் பாயில் இருப்பவர் மூக்கைச் சுளித்துவிட்டு, நாகரிகமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அந்த வாசத்தை நான் முதன்முதலாக முகர்ந்தது மலையில் இல்லை, கடலில். தூத்துக்குடியிலிருந்து கிளம்பிய கப்பலின் பின்தளத்தில், உனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உனக்குக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. பாதி ஆயுள் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வேலை பார்த்தோம், அதற்குப் பிறகு பக்கத்துப் பக்கத்து வீடு. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினால் போதும். இப்போது அப்படிக் கத்த முடியாது. சொல்ல வேண்டியதை அப்போதே சொல்லாமல் போனதால்தான் இந்தக் காகிதமும் பேனாவும்.

அந்தக் கப்பல் நாளிலிருந்தே தொடங்குகிறேன். கடலடியில் ஓர் இரும்புக் குழாயைக் குத்தி, அது கவ்விக்கொண்டு வரும் மண்ணைத் தளத்தில் வைத்துப் பிளந்தார்கள். மேலே சாம்பல் நிறச் சேறு. அதற்கு அடியில் சிப்பி. சிப்பிக்கும் அடியில் கன்னங்கரேலென்று ஒரு அடுக்கு. அதில் மரவேர்கள், வெட்டிய இடத்தில் இன்னும் செம்பழுப்பாக, நார் நாராக. கத்தி பட்டதும் வாசம் குப்பென்று எழுந்தது. எல்லோரும் பின்வாங்கினார்கள். நீ மட்டும் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாய்.

"நம்மூர் வாசம்டா இது. கிளென்மார்கன் சதுப்புல கால் வெச்சா இப்படித்தான் அடிக்கும்."

மலைத் தேயிலை எஸ்டேட் கிளார்க்கின் மகன் நீ. சின்ன வயதில் அந்தச் சதுப்பில் எத்தனை செருப்பைத் தொலைத்தாய், எத்தனை அடி வாங்கினாய் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தாய். நான் கோயம்புத்தூர்க்காரன், எனக்குச் சதுப்பும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. மூக்கைப் பொத்திக்கொண்டு உன்னைக் கிண்டல் செய்தேன்.

நாம் தேடிக்கொண்டிருந்ததே அந்தக் கறுப்பு அடுக்கைத்தான். பூமியின் தண்ணீர் நிறையப் பனியாக உறைந்து கிடந்த காலத்தில், கரை இப்போதிருக்கும் இடத்தைவிட வெகுதூரம் தள்ளி இருந்தது. பனி உருகியது, கடல் ஏறி வந்தது, அந்தப் பழைய கரை தண்ணீருக்கடியில் போனது. மணல்மேடும் கழிமுகமும் அலையாத்திக் காடும் ஆற்றுப் பள்ளமும் சேற்றுக்குள் இன்னும் அப்படி அப்படியே கிடக்கின்றன. கப்பல் ஒலியை அடித்துக்கொண்டே போகும், எதிரொலி தாளில் கோடு கோடாக விழும். மற்றவர்களுக்கு அது அழுக்குத் தாள். நாம் அதில் ஊர் பார்ப்போம்.

அன்றைக்குக் கப்பலில் ஒரே கொண்டாட்டம். சமையல்காரர் கேசரி கிண்டினார். இவ்வளவு முழுசாக ஒரு பழங்கரை கிடைப்பது லேசில்லை என்று பெரியவர்கள் கை குலுக்கிக்கொண்டார்கள். நீ கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் நின்றாய். என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"எல்லாரும் சந்தோஷப்படறாங்க, எனக்கு இதைத் திங்கத் தோணலை. மெதுவா வந்த தண்ணியா இருந்தா அலை அடிச்சு அடிச்சு எல்லாத்தையும் கழுவிட்டுப் போயிருக்கும். வேரு வேராவே நிக்குதுன்னா, சட்டுனு வந்து மூடியிருக்குன்னுதானே அர்த்தம்?"

நம் தொழிலில் சட்டென்று என்றால் பல தலைமுறை என்று நான் உனக்கே பாடம் எடுத்தேன். நீ தலையாட்டினாய். அதுதான் இன்னும் பயம் என்றாய். ஒவ்வொரு வருஷமும், இந்த வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்து அங்கே ஆட்கள் படுத்துத் தூங்கியிருப்பார்கள் என்றாய். உன் பங்குக் கேசரியை நான்தான் தின்றேன்.

தாளை வாசிப்பதில் நமக்கொரு முறை இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? முதலில் நீ சிவப்புப் பென்சிலால் குறிப்பாய், குறித்ததை மூடிவிடுவாய். பிறகு நான் அதே தாளின் நகலில் நீலத்தால் குறிப்பேன். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்போம். ஒத்துப்போனால் அதன் மேல் மை போடுவோம். ஒத்துப்போகாவிட்டால், மற்றவன் குறித்த இடத்தைத் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். பார்க்காமல் சிரிக்கக் கூடாது. யாரும் எழுதி வைத்த விதி இல்லை, நாமே வைத்துக்கொண்டது. அத்தனை வருஷத்தில் அதை நான் ஒரு தடவைகூட மீறியதில்லை, கடலில் இருந்தவரைக்கும்.

எந்த இடத்தைப் பார்த்ததும் இரண்டு பென்சிலும் கண்ணை மூடிக்கொண்டு வட்டம் போடும் என்பது உனக்குத் தெரியும். கரடுமுரடான கடலடியில், சம்பந்தமே இல்லாமல் ஒரு துண்டு மட்டும் தட்டையாக இருக்கும். அப்படியென்றால் அடியில் பழைய ஆறு. ஆறு செத்து, பள்ளத்தில் சேறு நிரம்பி, மேலே சமமாகிவிட்டது என்று பொருள். நம் வேலையின் அரிச்சுவடி அது. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவோம்.

இதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் நாம் பிறகு வீடு கட்டிய இடத்தை நான் போய்ப் பார்த்தேன். ஓய்வு பெற்றதும் மலைக்கே வந்துவிடுவது என்று நீ முடிவு செய்திருந்தாய். எவ்வளவு தண்ணீர் ஏறினாலும் கடல் குன்னூருக்கு வராது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். நான் ஒண்டிக்கட்டை, நீ எங்கேயோ அங்கே. உன் வீட்டுக்காரி ஸ்டெல்லாவுக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு கிடைக்கவில்லை, உனக்கு இடுப்புவலி. அதனால் இடம் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. ஜெகதளாவுக்குப் போகும் வழியில் தேயிலைச் சரிவு, நிற்கவே காலை ஊன்ற வேண்டிய சரிவு, அதன் நடுவில் இரண்டு வீடு கட்டும் அளவுக்கு அழகாக ஒரு சமதளம். தேயிலைகூட மற்ற இடத்தைவிட அங்கே பச்சையாக, கொழுகொழுவென்று இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மண் வெட்டிச் சமப்படுத்தும் செலவு மிச்சம் என்று உனக்குப் போன் செய்து குதித்தேன்.

இடத்தை விற்ற படுகர், அந்த மலையின் பூர்வீகக்காரர், நல்ல மனிதர். மறைக்கவில்லை. எங்க ஆளுங்க அங்க ஊடு கட்ட மாட்டாங்க சார், அது எருமை மேய்ஞ்ச இடம் என்றார். ஹட்டி என்று அவர்கள் சொல்லும் ஊரின் வீடுகள் எல்லாம் மேட்டின் தோளில் வரிசையாக நின்றன, பள்ளத்தில் ஒன்றுகூட இல்லை. அது அவர்கள் ஊர் வழக்கம் என்று எடுத்துக்கொண்டேன். எருமை ஏன் அங்கே மேயும், புல் ஏன் அங்கே மட்டும் கோடையிலும் காயாமல் நிற்கும் என்று கேட்கவில்லை. நீயும் வந்து பார்த்தாய், தரையை மிதித்துப் பார்த்தாய், நல்லா இருக்குடா என்றாய். கடலுக்கடியில் பழைய ஆற்றைக் கண்டுபிடித்த இரண்டு பேரும் சேர்ந்து, கண்ணெதிரே கிடந்த பழைய ஓடையின் மேல் அஸ்திவாரம் தோண்டினோம். வேறு யாராவது செய்திருந்தால் நாம் வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்திருப்போம்.

நீதான் முதலில் கண்டுகொண்டாய். உன் கடைசி மழைக்கு முந்தின மழை, ஐப்பசி. மத்தியானம் குடையும் சுருட்டிய தாளுமாக வந்தாய். வரைபடத்தாளில் நம் சரிவை அப்படியே குறுக்காக வெட்டி வரைந்திருந்தாய், கடலடியை வரைவது மாதிரியே. மேலே தேயிலை, அடியில் மண், அதற்கு அடியில் சிவப்புப் பென்சிலால் சேறு நிரம்பிய ஒரு கிண்ணம். கிண்ணத்தின் நடுவில் உன் வீடு, விளிம்பில் என் வீடு. நீலப் பென்சிலைச் சீவிக் கையோடு கொண்டு வந்திருந்தாய். அதை மேசைமேல் வைத்துவிட்டு, நீயும் போடு என்றாய்.

நான் சிரித்தேன்.

என்ன சொன்னேன் என்பதும் மறக்கவில்லை. "கடல்லயும் பயந்தே, மலையிலயும் பயப்படறே. இன்னும் எங்கதான்டா போய்ப் படுப்பே?" நீ கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தாய். டீயை முழுசாகக் குடித்தாய். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மழை விட்டிருக்கு, வரேன் என்று எழுந்து போனாய். மழை விடவில்லை. அதற்கப்புறம் நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. உன் கடைசிக் கோடையில் நெஞ்சுச்சளி முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இனி மறைத்து என்ன? அந்தச் சிவப்புக் கிண்ணத்தைப் பார்த்த அதே நொடியில் எனக்கும் தெரிந்துவிட்டது. அது தெரியாத கண்ணா என் கண்? இடம் பார்த்தவன் நான். உன்னையும் ஸ்டெல்லாவையும் கூட்டிக்கொண்டு வந்து அதன் மேல் உட்கார வைத்தவன் நான். நீலம் போட்டால் ஒத்துக்கொண்டதாகிவிடும். அதனால் சிரித்தேன். அன்றிலிருந்து மழை பெய்தால் தூக்கம் வருவதில்லை. காலையில் எழுந்து, ஒன்றும் ஆகவில்லை பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இந்த ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்தது. உங்கள் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் தடுப்புச் சுவர் இருக்கிறதல்லவா, அதில் தண்ணீர் வடிய விட்டிருந்த குழாய்களில் எப்போதும் தெளிந்த தண்ணீர்தான் வரும். நாலாம் நாள் காலை, காப்பி டம்ளரோடு வேலியோரம் வந்தவன் பார்த்தேன். ஒரு குழாயில் தண்ணீர் நின்றிருந்தது. இன்னொன்றில் கறுப்பாகக் கூழ் மாதிரி வழிந்துகொண்டிருந்தது. விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனேன். டம்ளர் எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

குடையை எடுத்துக்கொண்டு தேயிலைக்குள் ஏறினேன். வீட்டுக்கு மேலே கொஞ்ச தூரத்தில், செடி வரிசைக்கு நடுவே தரை பிளந்திருந்தது. என் கை நுழையும் அகலம். அந்தப் பிளவைப் பின்பற்றி நடந்தேன். நேராகப் போகவில்லை, பிறை மாதிரி வளைந்து இரண்டு பக்கமும் கீழே இறங்கியது. பிளவுக்கு மேலே செடிகள் நிமிர்ந்து நின்றன, கீழே இருந்தவை எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருந்தன. நீ வரைந்த கிண்ணத்தின் விளிம்பு, நீ வரைந்த இடத்திலேயே. அப்படியே செடியைப் பிடித்துக்கொண்டு ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். காலடியில் முழு மலையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதாகத் தோன்றியது. எழுந்தால், என் கனம் அசைந்தால், அதனாலேயே சரிந்துவிடுமோ என்றுகூடப் பயந்தேன். கீழே உன் சமையலறைப் புகைக்கூண்டிலிருந்து புகை வந்தது. ஸ்டெல்லா உள்ளே இருக்கிறாள்.

எப்படி இறங்கினேன் என்று கேட்காதே. பாதி நடந்தேன், பாதி சறுக்கினேன். வழியெல்லாம் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தேன். கோயம்புத்தூரில் யாருக்கோ உடம்பு சரியில்லை, துணைக்கு வா என்று சொல்லலாமா? உண்மையைச் சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். அந்த நிலையிலும் என் மானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது, பார்.

ஸ்டெல்லா கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் பேன்ட்டைப் பார்த்தாள்.

"சேறு கறுப்பா வருதுங்களாண்ணா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அடுப்பை அணைத்தாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய நீலப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். உன் படத்தை நோக்கி ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள். என் கையைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். என் வீட்டுக்குள் போய்ச் சட்டை எடுத்துக்கொள்கிறேன் என்றதற்கு, வேண்டாமுங்க, நடங்க என்றாள். நான் போட்டிருந்த துணியோடு, மாத்திரைகூட இல்லாமல், முகாமுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்த வேனில் ஏறினேன். வேனிலிருந்தே படுகருக்குப் போன் செய்து, கொழுந்து எடுக்கும் பெண்களை அந்தப் பக்கம் விட வேண்டாம் என்று சொன்னேன். அந்த ஒன்றையாவது உருப்படியாகச் செய்தேன்.

சாயங்காலம் இந்தக் கூடத்தில் அந்தப் பையைத் திறந்தாள். பத்திரங்கள், அவளுக்கு இரண்டு புடவை, ஒரு டார்ச். அதற்கு அடியில் பிரிக்காத கவரில் ஆண்கள் போடும் ஸ்வெட்டர், ஒரு வேட்டி, ஒரு ஜோடி சாக்ஸ். என் இரத்த அழுத்த மாத்திரை, நான் சாப்பிடும் அதே மாத்திரை, இரண்டு அட்டை. ஸ்வெட்டரை என்னிடம் நீட்டினாள். அவனுடையதா என்று கேட்டேன். நீ என்னைவிடக் குட்டை, கேட்டிருக்கவே வேண்டியதில்லை.

"உங்களுக்குத்தானுங்கண்ணா. அவரு எடுத்து வெச்சது. ஒவ்வொரு மழைக்கு முன்னாடியும் மாத்திரையை மட்டும் புதுசா மாத்துவாரு. போன மழையிலிருந்து நான் மாத்தறேன்."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மடித்த தாளை அன்று மாலையே அவளிடம் காட்டியிருக்கிறாய். சேறு கறுப்பானால் நிற்கவே கூடாது, கிளம்பிவிட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறாய். அப்படியானால் ஏன் அப்போதே வேறு வீடு பார்த்துப் போகவில்லை என்று கேட்டேன். ஸ்டெல்லா சாக்ஸை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவனுக்குத் தெரியும், ஒத்துக்கத்தான் முடியலைன்னாரு. நாம போயிட்டா அவன் வீம்புக்குன்னே ஒத்தையில அங்கயே கெடப்பான், அவனாக் கெளம்பற வரைக்கும் இருக்கலாம்னாரு."

நான் கிளம்பவில்லை. நீ இருந்தாய். நீ போன பிறகு அவள் இருந்தாள். நான் ஒருத்தன் சிரித்ததற்காக மூன்று பேர் அந்தச் சேற்றின் மேல் படுத்திருந்தோம். உன் நெஞ்சுச்சளிக்கு அந்த வீட்டு ஈரம் எவ்வளவு காரணம் என்று நான் டாக்டரிடம் கேட்டதில்லை. இனிக் கேட்கவும் துணிச்சலில்லை.

இன்று காலை வெயில் வந்துவிட்டது. வி.ஏ.ஓ. வந்தார், மழை விட்டுவிட்டதால் ஆபத்தில்லாத பக்கத்து ஆட்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார். நம் பக்கத்தை யாரோ ரோட்டிலிருந்து பார்த்துவிட்டுச் சுவர் நிற்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். பிளவைப் பற்றிச் சொன்னேன். குறித்துக்கொண்டார், ஆட்கள் வந்து பார்க்க நாளாகும், அதுவரை உங்கள் இஷ்டம் சார் என்றார். கூடத்தில் எல்லோரும் பாயைச் சுருட்டினார்கள். பக்கத்துப் பாய்க்காரர் என்னைப் பார்த்து, ஒண்ணும் ஆகலைங்க, கர்த்தர் காப்பாத்திட்டாரு என்றார்.

எனக்கும் போக வேண்டும் போலத்தான் இருந்தது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். சுவர் நிற்கிறது, கூரை நிற்கிறது. என் கட்டில், என் ரேடியோ. திரும்பப் போய் ஒன்றும் ஆகாமல் பத்து வருஷம் இருந்துவிட்டால், பயந்து ஓடி வந்ததைச் சொல்லிச் சிரிக்கலாம். நாம் வரைந்தோமே, அந்தக் கரையிலும் இப்படி ஒரு காலை வந்திருக்கும். தண்ணீர் வாசல்வரை வந்து திரும்பியிருக்கும், வெயில் அடித்திருக்கும், பாயைச் சுருட்டியிருப்பார்கள். இதை நினைத்ததும் வெயிலிலேயே எனக்குக் குளிர் எடுத்தது. இப்போது என்னிடம் நீ விட்டுப்போனது என்று இருப்பது இந்தக் குளிர்தான். ஸ்வெட்டர் போட்டும் அடங்கவில்லை. இனி எந்த ஊரில், எந்தத் தரையில் படுத்தாலும் இதோடுதான் படுப்பேன்.

ஸ்டெல்லா பையை மடியில் வைத்துக்கொண்டு என் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாள். மற்றவர்கள் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நாமளும் போலாமுங்களாண்ணா என்று கேட்டாள். தடுப்புச் சுவரின் பலத்தைப் பற்றி, ஈரம் வடிய எத்தனை நாளாகும் என்பதைப் பற்றி நீளமாகச் சொல்ல வாயெடுத்தேன். தாளும் பென்சிலும் இருந்தால் வரைந்தே காட்டியிருப்பேன். வாயில் வந்தது வேறு.

"எனக்குப் பயமா இருக்குதும்மா."

அவள் சிரிக்கவில்லை. "அப்ப வேண்டாமுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, எழுந்து போய், சுருட்டி வைத்திருந்த எங்கள் இரண்டு பாயையும் திரும்ப விரித்துப் போட்டாள். இவ்வளவுதான் ஆனது. அன்றைக்கு நீ டீ குடித்த நேரத்தில் நானும் சிரிக்காமல் இவ்வளவு செய்திருந்தால் போதுமாயிருந்திருக்கும்.